கானை அடைத்த நாள்

சதுப்பு நிலத் திட்டத்துக்காகக் கந்தப்பளை டவுனிலிருந்து வந்த சுலக்ஷனா மிஸ், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம் வைத்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே இருக்கும் கறுத்த மண் முன்பு சதுப்பாம். அதில் நாங்கள் கான் வெட்டித் தண்ணீரை வடித்து லீக்ஸ் பயிர் போட்டுக்கொண்டிருந்தோம். இனிக் கானை அடைத்து மறுபடியும் தண்ணீர் நிறுத்துவார்கள். எங்களுக்கு மேட்டில் மாற்று நிலம், கல்லும் கரடும். தலையை ஆட்டினோம். ஆட்டாமல் என்ன செய்வது?

"அங்க எடுக்கிறதுக்கு இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று மிஸ் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் வீரய்யாவும் திறக்கவில்லை.

பாத்தி ஓரத்தில் எங்கள் பிள்ளை இருக்கிறாள். மூன்று மாதத்துப் பிள்ளை. பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். புதைத்த அன்று நல்ல மழை. குழிக்குள் தண்ணீர் ஊறியதைப் பார்த்த என் வீட்டுக்காரர், பால் ஊற்றிய கையோடு மண்வெட்டியை எடுத்தார். "புள்ள தண்ணிக்குள்ள கெடக்கக் கூடாது வடிவு" என்று சொல்லிச் சொல்லியே கானை இடுப்பளவு ஆழமாக்கினார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஈரமே தங்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கானை அடைக்கவும் எங்களையே கூப்பிட்டார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போனேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அட்டை கடித்தாலும் தெரியாத விறைத்த காலைப்போல மனசு கிடந்தது.

மிஸ் கானின் அடியில் கையை விட்டு ஓர் இலையை எடுத்தார்.

"பாருங்கக்கா, எந்தக் காலத்து இலையோ, நரம்புகூட அப்படியே இருக்கு. தண்ணி நின்னா இந்த மண்ணுக்குள்ள எதுவும் லேசுல மக்காது. வடிச்சாத்தான் காத்துப் பட்டு எல்லாம் மக்கி, காபன் வாயுவாக் காத்துல கலந்துருது. உலகம் சூடாகுறது அதனாலயும்தான்."

கானை அடைக்கக் கொடுத்த பலகையைப் பிடித்தபடி நின்றேன்.

"மக்கிப் போனது திரும்பி வருமா மிஸ்?"

"வராதுக்கா. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம்."

பலகையைக் கானுக்குள் இறக்கி மிதித்து இறுக்கினேன். தண்ணீர் மெல்லப் பாத்திப் பக்கம் ஏறியது.

வீட்டுக்குப் போனதும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"புள்ள நனைஞ்சிருச்சா?"

"நனைஞ்சிருச்சுங்க."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இலையைப் பற்றி நான் சொல்லவில்லை. கானை ஆழமாக்கிய மனுசனுக்கு அது தெரியவே வேண்டாம்.