சில்வண்டுக்குக் கட்டுப்பட்ட வெயில்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் குணாளன் குடியிருக்கும் தெருவில் மட்டும் வெயில் ஒரு சில்வண்டின் பேச்சைக் கேட்டு நடக்கிறது. தொடங்கியது முந்தின ஆண்டுக்கு முந்தின ஆண்டு, மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

குணாளனுக்கு ரசாயன ஆலையில் இரவு வேலை. காலையில் ஆலைப் பேருந்து இறக்கிவிட்டதும் படுப்பார். புழுக்கத்தில் புரண்டுவிட்டு மாலையில் மறுபடியும் கிளம்புவார். பதினெட்டு ஆண்டுகளில் அவர் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. மகள் வாசுகி உயிரியல் படித்துவிட்டுப் பேரங்காடிக் கல்லாவில் நின்றாள். அவள்தான் வாசல் ரம்புத்தான் மரத்து இலையில் அந்தச் சில்வண்டைக் கண்டாள். வெளிர் பச்சை உடல், கண்ணாடிச் சிறகு, உடலைவிட இரண்டு மடங்கு நீளமான உணர்கொம்பு. எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

குளிர்ந்தால் சில்வண்டு மெதுவாகப் பாடும். நிமிடத்துக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பார்த்தே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். வாசுகி எண்ணினாள். இருபத்து மூன்று டிகிரி என்று வந்தது. வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தவறைத் திருத்திக்கொள்வதுபோல் இருபத்து மூன்றுக்கு இறங்கியது. அன்று குணாளன் ஏழு மணி நேரம் தூங்கி, பேருந்தை விட்டுவிட்டார்.

வாசுகிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பெயர் தெரியாத ஒன்று வாசலில் இருக்க அவளால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். புதிய இனமாக இருக்கலாம், சாராயத்தில் போட்டு அனுப்பவும், உறுதியானால் உதவியாளர் வேலை உண்டு என்று பதில் வந்தது.

முதலில் படம் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் செய்வதுபோல், அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். உள்ளே பாட்டு மந்தமானது. நான்காவது நிமிடம் ரம்புத்தான் இலைகளில் உறைபனி படிந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம், பலகைபோல் விறைத்த சட்டையோடு வந்தாள்.

"பூச்சிய எங்க பாப்பா வெச்ச? கொடியில காயப்போட்டது கையை நீட்டிக்கிட்டு நிக்குது லா."

வெளியே எடுத்ததும் தெரு உருகியது. வாசுகி சாராயப் புட்டியைத் திறந்தாள். குளிரில் எழுந்துவந்த குணாளன் புட்டியைப் பார்த்தார். அவள் வேலை விவரத்தைச் சொன்னாள்.

"போட்டு அனுப்பு மா. எனக்கு ஃபேன் இருக்கு."

சொல்லும்போதே அவருக்குக் கொட்டாவி வந்தது. வாசுகி பூச்சியைப் போடாமலே புட்டியின் மூடியைத் திருகினாள்.

"நீங்க போய்ப் படுங்கப்பா."

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அருங்காட்சியகப் பதிவேட்டில் அந்தப் பூச்சி இன்றுவரை இனம் அறியப்படாதது. மரச் சில்வண்டுகள் சில மாதங்களே வாழும். இது மூன்றாவது ஆண்டாகப் பாடுகிறது. வாசுகி இன்னும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தினமும் கல்லாவுக்குப் போகுமுன் எண்ணி, தெருமுனைப் பலகையில் எழுதிவிட்டுப் போகிறாள். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, போர்வை ஒன்றா இரண்டா என்று முடிவு செய்கிறார்கள்.