கொண்டாட்டம்

"கொண்டாட்டம் வீடு இதுதானேம்மா?"

வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வாசலில் ஏழெட்டு ஆண்கள், ஒரே நீலச் சட்டை. முன்னால் நின்றவருக்குக் கழுத்து மட்டும் தனியாக வளர்ந்ததுபோல் நீளம்.

"இல்லீங்க. இது சாவு வீடு. விசேஷம் வேற எங்கயாவது இருக்கும்."

"தெரியும்மா. அதுக்குத்தான் வந்தோம். கிரேன் ஓட்டுறவர் வீடு... கொண்டாட்டம் அண்ணன்."

அவள் கையிலிருந்த நாற்காலி பாதி விரிந்தபடி நின்றது. "அப்பாவையா சொல்றீங்க?"

அப்பா மாடியில், முன்னறையில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டி இறக்கும் கிரேனை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். வீட்டுக்கு வந்ததும் செருப்பை உதறிவிட்டு, "இன்னிக்கும் தொலைஞ்சுது" என்பார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்த மனிதரைக் கொண்டாட்டம் என்று ஒருவன் கூப்பிட்டால் அது கிண்டலாகத்தான் இருக்க வேண்டும்.

கிண்டல் இல்லை. மேலே வந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நெடுங்கழுத்துக்காரர் படியிலேயே உட்கார்ந்து விசும்பினார்.

"நான் கீழ நின்னு சிக்னல் குடுக்கிறவன்மா. அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து நீண்டுடுச்சுன்னு எனக்கு ஒட்டகம்னு பேர் வச்சதே அவர்தான். பெட்டி இறக்கும்போதெல்லாம் மைக்கில, 'மாப்பிள்ளை வர்றார், மாமனாருங்கெல்லாம் தள்ளி நில்லுங்க'ம்பார். கப்பல்ல இருக்கிற வெளிநாட்டுக்காரன் பாஷை புரியாமலே சிரிப்பான்."

"பாட்டை விட்டுட்டியே" என்றார் இன்னொருவர்.

"அது பாட்டா? காத்தடிச்சா கிரேன் ஊளையிடும், இவர் கூடச் சேர்ந்து ஊளையிடுவார்." ஒட்டகம் அழுதுகொண்டே சிரித்தார். "மூணு தடவை ஆபீஸ்ல மேற்பார்வையாளரா உட்காரச் சொன்னாங்க. 'கீழ உட்கார்ந்தா எனக்கு மூச்சு முட்டும் சார், இந்தச் சந்தோஷத்தை வித்துட்டு நாற்காலி வாங்கச் சொல்றீங்களா'ன்னு திரும்ப ஏறிட்டார்."

"அந்த வேலைக்குச் சம்பளம் அதிகமா?"

"ரெண்டு பங்கும்மா! உங்ககிட்ட சொல்லியிருப்பாரே."

அவள் தலையை எப்படியோ ஆட்டினாள்.

கல்லூரியில் படிக்கும்போது சாயங்காலங்களில் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற குழந்தைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். படிப்பு முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதே வாரம் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்தும் அழைப்பு வந்தது. விபத்துக்குப் பணம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு, ஏன் தர முடியாது என்று பதில் எழுதுகிற வேலை. சம்பளத்தைக் கேட்டு அத்தை விசிலடித்தாள்.

"வேலையில சிரிச்சவன் ஒண்ணாந்தேதி அழுவான்" என்றார் அப்பா. "என்னைப் பாரு. எனக்கென்ன பிடிச்சா போறேன்? உங்களுக்காக மென்னு முழுங்கலையா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் அவள் காப்பீட்டுக்குப் போனாள். அவர் மெல்லும்போது தான் மட்டும் நீந்துவதா என்று.

போன வாரம்கூடக் கேட்டாள். "முடியலப்பா. விட்டுடட்டுமா? குளத்துல இன்னும் ஆள் எடுக்கிறாங்களாம். ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்லணும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே, "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. நான் இருக்கலையா?" என்றார்.

இப்போதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மாடி ஏறி உள்ளறைக்குப் போனாள்.

அங்கே முன்னறையிலிருந்து நகர்த்திய தையல் மெஷின் கட்டிலை ஒட்டி நின்றது. பள்ளிச் சீருடைகள் பாதி தைத்தபடி குவிந்து கிடந்தன. அம்மா மெஷின் முன்னால் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"அங்க அப்பாவுக்கு என்ன பேருன்னு."

அம்மா கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள். "ஒட்டகம் வந்திருக்காரா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப உனக்கும் தெரியும்."

"கல்யாணமான புதுசுல இங்கயும் அப்படித்தான்டி இருந்தார். குழம்பு கொதிச்சா அதுக்கும் ஒரு வர்ணனை. நீ பொறந்து செலவு ஏற ஏற வீட்ல அது நின்னுபோச்சு. அப்புறம் நீ அந்தக் குளத்துக்குப் போக ஆரம்பிச்ச. ஈரத் தலையோட பாடிக்கிட்டே வந்த. அன்னிக்கு ராத்திரி, 'இவ என்னை மாதிரியே ஆயிடுவா'ன்னார்."

"ஆயிட்டா என்ன?"

"ஆயிட்டா, யாரு தைக்கிறது?"

முன்னறையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"அவர் மேல ஏறிச் சிரிச்சதுக்கு நான் கீழ உட்கார்ந்து தச்சேன். அவருக்கு அது தெரியும். உனக்கு வர்றவன் தைப்பானா? அந்தப் பயம்தான். படி திரும்புற இடத்துல நின்னு சிரிப்பை அடக்கிட்டுத்தான் மேல வருவார். சில நாள் அடங்காது. நேரா குளியலறைக்குப் போயிடுவார்."

அவள் அதையும் பார்த்திருந்தாள். பாவம், கால் வலி, மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, தன் முதல் சம்பளத்தில் கால் தைலம் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவரும் தினமும் தடவிக்கொண்டார்.

"பொய் சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து."

"பொய் என்ன பொய். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார், அவ்வளவுதான்."

"ஒரு நாளாவது எனக்குக் காட்டியிருக்கலாம்லம்மா."

அம்மா பாதி தைத்த சட்டை ஒன்றை எடுத்து மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

வண்டி வந்துவிட்டதென்று கீழேயிருந்து குரல் வந்தது. அத்தை ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "வாடி, எடுக்கப் போறாங்க. கடைசியா ஒருதரம் முகத்தைப் பார்த்துக்கோ. வாய்விட்டு அழுதுடு, உள்ளேயே வச்சுக்காத."

அவள் பார்த்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. எந்தப் பக்கமும் வளையாத, யாருக்கும் சொந்தமில்லாத வாய். அழுகை வரவில்லை.

படிக்கட்டு குறுகல். வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் தயங்கினார்கள். "நகருங்க தம்பி" என்று நீலச் சட்டைகள் ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டன. ஒட்டகம் முன்னால் இறங்கி, கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் விரல்கள் மட்டும் பேசின. கொஞ்சம் இடது. நில். தலைப்பக்கம் தூக்கு. இறக்கு, மெதுவா, மெதுவா. அப்பா சுவரில் ஒரு இடத்தில்கூட உரசாமல் இறங்கினார். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். அத்தை போனாள். கடைசியில், ஸ்ட்ரெச்சர் வண்டிக்குள் அமர்ந்து ஒட்டகம் முஷ்டியை மூடியதும் எல்லாக் கைகளும் ஒன்றாக விட்டன.

வண்டிக்குள் அம்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஓட்டுநர் ஹாரனில் கை வைத்துவிட்டு, நினைத்துக்கொண்டு எடுத்தார்.

ஒட்டகம் திரும்பி அண்ணாந்து பார்த்தார். படியின் உச்சியில் அவள் நின்றிருந்தாள். பழக்கத்தில் அவர் கை தானாக எழுந்தது. விரல்கள் கீழ்நோக்கி மெல்ல அசைந்தன. இறங்கு.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை அசைந்துகொண்டே இருந்தது.