தள்ளினால் தெரியும்

தொண்ணூற்றேழில், மஸ்கட்டிலிருந்து மூன்று வருடம் கழித்து வந்திறங்கிய ரெமிஜியஸைப் பார்த்து வடவாற்றங்கரைத் தெருவே மெச்சிக்கொண்டது. ஆள் ஒரு சுற்று பெருத்துவிட்டானாம். தொளதொளத்த சட்டையும் சென்ட் வாசனையும் இருந்தால் நம் ஊர்க்காரர்கள் எதைத்தான் நம்பமாட்டார்கள். அக்கா மரியபுஷ்பத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அப்பா, அம்மா போனபின் அவனுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி விமானம் ஏறப்போகிறான். உடம்பைப் பற்றி எப்படிக் கேட்டாலும் "நல்லாருக்கேன்க்கா" என்றுதான் பதில் வந்தது.

மரியபுஷ்பம் இயற்பியல் டீச்சர். எடைக்கும் நிறைக்கும் வித்தியாசம் சொல்ல அவளுக்குப் புத்தகம் வேண்டாம், வீட்டு ஊஞ்சல் போதும். "உக்காந்திருக்கிற ஆளோட எடையைச் சங்கிலி தாங்கிக்கும். நிறை, தள்ளுற கைக்குத்தான் தெரியும். நிலாவுல ஊஞ்சல் கட்டினா எடை ஆறுல ஒரு பங்காயிடும். நிறை குறையாது, கிளப்புறதுக்கு இதே தள்ளு தள்ளணும்" என்பாள்.

எல்லாம் சின்ன வயசில் கைக்குப் பழகியதுதான். சம்பா அறுப்பு முடிந்து கூடமெல்லாம் நெல் வாசனை அடிக்கும் நாட்களில், அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊஞ்சலுக்குப் பின்னால் நிற்பாள். ரெமிஜியஸ் சத்தமில்லாமல் இறங்கி, பலகையில் தவிட்டு மூட்டையை வைத்துவிடுவான். ஒரே தள்ளில் "டேய், இது நீ இல்ல" என்பாள். கதவிடுக்கிலிருந்து அவன் சிரிப்பு கேட்கும். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இன்றும் ஏக்கமாக இருந்தது.

"வாடா, உக்காரு" என்றாள்.

கூச்சத்தோடு உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டான். கண்ணை மூடி, மஸ்கட் போவதற்கு முதல் நாள் தள்ளிய அதே அளவுக்குத் தள்ளினாள். பலகை விருட்டென்று எகிறிச் சுவரை இடிக்கப் போனது. பதறிப்போய்ச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ரெண்டு பனியன் போட்டிருக்கேனே, எப்படிக்கா..."

"பனியன் ஊருக்கு. என்கிட்ட சொல்லு."

"மஞ்சக்காமாலை. ரெண்டு மாசம் லேபர் கேம்ப்ல படுத்திருந்தேன். பக்கத்துல யாருமில்ல."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "பாஸ்போர்ட்டைக் கொண்டா. நான் குடுக்கிறப்ப போனா போதும்."

சண்டை போடுவான் என்று நினைத்தாள். அவனோ சட்டைப்பையிலிருந்தே எடுத்து நீட்டினான்.

"வந்ததுலேருந்து கூடவே வச்சிருக்கேன்க்கா. போகாதடான்னு நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டியான்னு இருந்தேன்."