தெரெங் ஊர்த் தண்ணீர் போன வழி

நிலநடுக்கம் வந்த வருஷம் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் வீடு இழந்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தண்ணீரை இழந்தவர்களைப் பற்றிப் பேச ஆள் குறைவு. ரிஞ்சானி மலையின் வடக்குச் சரிவில் இருக்கும் தெரெங் ஊருக்கு ஒரே ஒரு ஊற்றுதான். நிலம் ஆடி அடங்கிய மறுநாள் அது கலங்கி ஓடியது. பிறகு நூலாக இளைத்தது. அப்புறம் நின்றே போனது. ஊரையே கீழே கடற்கரைப் பக்கம் மாற்றிவிடலாம் என்று அரசாங்கத்தில் பேச்சு அடிபட்டதும், தெரெங்காரர்கள் எங்களைத் தேடி மத்தாராம் நகரத்துக்கு வந்தார்கள்.

எங்களை என்றால் முர்தியானியையும் என்னையும்தான். டயர் ஒட்டும் கடைக்கும் கோழி வாட்டும் கடைக்கும் நடுவில் ஓர் அறை. வாசலில் ‘நிலத்தடி நீர், ஊற்று நீர் ஆலோசனை’ என்று ஒரு பலகை. முர்தியானி மண்ணியல் படித்தவர். நான், சப்ரி, கருவிகளைத் தூக்குகிறவன், வண்டி ஓட்டுகிறவன், அவர் சொல்லும் எண்களை எழுதிக்கொள்கிறவன். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அவரைக் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். கோழிக்கடைப் புகையில் எங்கள் வரைபடம் எல்லாம் மிளகாய் வாசம் அடிக்கும். அதைப் பற்றிக் கேட்டால், “வாடிக்கைக்காரருக்குப் பசி எடுத்தா சீக்கிரம் கையெழுத்துப் போடுவாங்க” என்று சிரிப்பார்.

தெரெங்கில் முதல் தடவை நாங்கள் தோற்றோம். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, எந்த அடுக்கில் ஈரம் என்று பார்க்கும் கருவி எங்களிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் இடத்தில் அது நல்ல ஈரம் காட்டியது. முர்தியானி கை காட்ட, துளை போடும் வண்டி வந்தது. ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது. சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று களிமண் வந்தது. மேலும் களிமண் வந்தது. தண்ணீர் வரவில்லை.

இனாக் சஹ்னிம் என்ற பெண்மணி எழுந்து பாவாடை மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்த ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. முர்தியானியை இபு, அதாவது அம்மா, என்று மரியாதையாகவே கூப்பிட்டார்.

“மண்ணுக்குள்ள பாக்குற மிஷின்னு சொன்னீங்களே இபு, அதுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கலைந்து போனார்கள். அது வசவைவிட மோசமாக இருந்தது.

வண்டியில் ஏறியதும் நான், “காக், நிலநடுக்கத்துல அடியில எல்லாம் புரண்டு போச்சுன்னு அறிக்கை எழுதிட்டுக் கிளம்பலாம். யாரு வந்து கேக்கப் போறாங்க?” என்றேன்.

“நான் கேப்பேனே” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார்.

மதியத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மறுபக்கம். முர்தியானி நடுவில் போய் நின்றார்.

“தப்பு என்னோடது. மிஷின் பொய் சொல்லல. ஈரக் களிமண்ணும் தண்ணி நிக்கிற பாறையும் அதுல ஒரே மாதிரிதான் தெரியும். எனக்குத் தண்ணி வேணும்னு ஆசை, அதனால தண்ணின்னு படிச்சுட்டேன். இன்னொரு தடவை பாக்க விடுங்க. இந்தத் தடவைக்கு எனக்கு எதுவும் தர வேண்டாம், தங்க ஒரு இடம் குடுத்தா போதும்.”

படித்துவிட்டு வந்த ஒருவர் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்டதில்லை. கடைசியில் இனாக் சஹ்னிம்தான், “என் வீட்டுல சுவரு மூணுதான் நிக்குது. பரவாயில்லன்னா வாங்க” என்றார்.

அங்கேதான் தங்கினோம். அடுத்த நாளிலிருந்து முர்தியானி கருவியைத் தொடவே இல்லை. வீடு வீடாகப் போனார். தண்ணீர் எங்கே என்று ஒருவரையும் கேட்கவில்லை. நிலம் ஆடியபோது எது எங்கே பிளந்தது என்று மட்டும் கேட்டார். ஒருவர் தொட்டியில் விழுந்த விரிசலைக் காட்டினார். ஒருவர் இரண்டாகப் பிளந்த நடைபாதையைக் காட்டினார். ஒரு மூங்கில் புதர் பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாகச் சாய்ந்து கிடந்தது. ஒவ்வோர் இடத்திலும் என்னை ஒரு சிவப்புத் துணி கட்டச் சொன்னார். ஒரு மாலை ஊருக்கு மேலே பாறையில் ஏறி நின்று பார்த்தோம். துணிகள் எல்லாம் கயிறு பிடித்த மாதிரி ஒரே கோட்டில் இருந்தன. அந்தக் கோடு காய்ந்த ஊற்றின் முதுகுப்புறமாக வந்து, ஊரைக் குறுக்கே வெட்டி, பள்ளத்தாக்கில் இறங்கிப் போனது.

“பானையில ஓட்டை விழுந்துருக்கு சப்ரி. பானை காலியாகல, ஒழுகுது. ஒழுகுற இடத்தைப் பாக்கலாம் வா.”

கோட்டைப் பிடித்தபடி கீழே இறங்கினோம். பாத்து பெலா என்ற ஊரின் எல்லையில் ஒருவர் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுக்கு ஒரு வசவு. அவர் பெயர் அமாக் ஜுமாரெப்; அப்பா வயதுக்காரரை அங்கே அமாக் என்பார்கள்.

“வாங்க வாங்க, வாத்து வாங்க வந்தீங்களா? இது கடலைக்காடா இருந்துச்சு. இனிமே இதுல வாத்துதான் வளக்கணும்!”

“இந்தத் தண்ணி எப்ப வந்துச்சு அமாக்?”

“பூமி ஆடினப்ப வந்துச்சு. போன்னா போகமாட்டேங்குது. நானும் வெட்டி வெட்டி வடிய விடுறேன், ஊறிக்கிட்டே இருக்கு. யாரோட சாபமோ!”

முர்தியானி சேற்றில் மண்டியிட்டு வெப்பமானியை விட்டார். ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். மழைத் தண்ணீர் இல்லை, மலை ஊற்றின் குளிர்ச்சி அதில் இருந்தது. பிறகு அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மேலே ஒரு ஊர் தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்க, கீழே ஒரு மனிதர் தண்ணீரை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் சிரிப்பை வைத்து அறிக்கை எழுத முடியாது, அது வேறு தண்ணீராகவும் இருக்கலாம் என்றார் முர்தியானி. இன்னொரு தடவை ஆசைப்பட்டதைப் படிக்க அவர் தயாராக இல்லை. திரும்ப மேலே ஏறினோம். காய்ந்த ஊற்றுக்கு மேல், கோடு போகிற இடத்தில் கருவியை வைத்தோம். இப்போது அவர் அகலமான ஈரத்தைத் தேடவில்லை, ஒல்லியான ஒரு பிளவைத் தேடினார். தெரெங் ஆட்கள் கடப்பாரையோடு வந்து பாறைகளைப் புரட்டினார்கள். ஆள் உயரம் தோண்டியதும் உள்ளே எங்கோ சளசளவென்று சத்தம். ஒருவர் காதை வைத்துக் கேட்டு, பக்கத்தில் நின்றவரைப் பிடித்து இழுத்து அவர் காதையும் வைத்தார்.

அந்தப் பிளவுக்குள் முர்தியானி பச்சைச் சாயத்தைக் கொட்டினார். குடித்தாலும் ஒன்றும் செய்யாத சாயம் அது. பாத்து பெலா ஊர்த்தலைவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். அவரும் எல்லோரிடமும் சொன்னார். அமாக் ஜுமாரெப் மட்டும் சந்தைக்குப் போயிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் அவர் கூச்சல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. கடலைக்காடு கிளிப்பச்சையாக மின்னியது. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஓகோ, தெரெங்காரன் தண்ணியா? இத்தனை நாளா என் காட்டுல குடியிருந்துச்சே, வாடகை யாரு தருவா? அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காம!”

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது சேற்றின் கீழ் ஓரத்திலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தார். இடுப்புக் கூடையில் கங்குங் கீரை.

“இவரு கடலைக்கு அழுவுறாரு. இந்தச் சேத்துலதான் நான் கீரை போட்டு வித்துக்கிட்டு இருக்கேன். அஞ்சு பேரு வீட்டுல இதான் இப்ப அடுப்பு எரியுது. எங்ககிட்ட யாரும் கேக்க மாட்டீங்களா?”

அமாக் ஜுமாரெப் மனைவியைப் பார்த்தார். “நீ சொல்லவே இல்லையே!”

“நீங்க வசவை நிறுத்துனாத்தானே சொல்றதுக்கு!”

அன்று சாயங்காலம் தெரெங்கில் கூட்டம். முழுத் தண்ணீரையும் பிளவிலேயே பிடித்து ஊருக்குக் குழாய் விடலாம், சரிவு இருப்பதால் மோட்டாரே வேண்டாம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. முர்தியானி கீரைக்காரிகளைப் பற்றிச் சொன்னதும் முகங்கள் மாறின.

“அது எங்க ஊத்து இபு. எங்க தாத்தன் குடிச்ச தண்ணி” என்றார் ஊர்த்தலைவர்.

“தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு என்னால காட்ட முடியும் தலைவரே. யாரோடதுன்னு காட்டுற மிஷின் என்கிட்ட இல்ல. ஆனா அந்தப் பொம்பளைங்களைக் கேக்காம நான் குழாய்க்குப் படம் போட்டுத் தரமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க.”

நான் அவர் முழங்கையை இடித்தேன். ஏற்கனவே ஒரு துளையை வீணாக்கிய ஆள் பேசுகிற பேச்சா இது? ஊர்த்தலைவர் வாயைத் திறப்பதற்குள் இனாக் சஹ்னிம் எழுந்தார்.

“நான் போயிக் கேக்குறேன். கீரை விக்கிறவகிட்டப் பேசத் தெரியாதா எனக்கு?”

மறுநாள் இனாக் சஹ்னிமும் அமாக் ஜுமாரெப்பின் மனைவியும் சேற்று ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சா அது! பள்ளத்தாக்கே அதிர்ந்தது. கீரைக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று ஒருவர், குளிக்க இவ்வளவு எதற்கு என்று மற்றவர். முர்தியானி பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டபோது மட்டும் பதில் சொன்னார். எவ்வளவு விட்டால் கீரை பிழைக்கும், எவ்வளவு எடுத்தால் ஊருக்குப் போதும் என்று வாளி வைத்து ஊற்றிக் காட்டினார். கடைசியில் முடிவானது இதுதான்: பிளவில் ஒரு சின்னத் தொட்டி, அதில் இரண்டு வாய். பெரியது தெரெங்குக்கு. சின்னது பாத்து பெலாவுக்கு, அதை யாரும் அடைக்கக்கூடாது. அமாக் ஜுமாரெப்பின் காட்டில் மேட்டுப் பாதி காய்ந்து கடலைக்குத் திரும்பும், பள்ளம் கீரைக்கு.

தெரெங்குக்குத் தண்ணீர் வந்த நாளில் சின்னப் பிள்ளைகள் குழாயடியை விட்டு நகரவில்லை. முர்தியானி மட்டும், “கோடை தாண்டட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று யாருடைய நன்றியையும் வாங்கிக்கொள்ள மறுத்தார்.

கோடை முற்றிய மாதத்தில் திரும்பப் போனோம். நேராகத் தொட்டிக்கு ஏறினார். வெப்பத்தைப் பார்த்தார், வாளி நிரம்பும் நேரத்தைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் நிற்காது என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அவர் தோள் தளர்ந்தது.

இறங்கி வந்ததும் இனாக் சஹ்னிம் சோறும் மிளகாய் அரைத்த கீரையும் எடுத்து வைத்தார். கீரை கீழூரிலிருந்து வந்தது. முர்தியானி இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பார். தட்டை மடியில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த பெண்களை இனாக் சஹ்னிம் விரலை உதட்டில் வைத்து அடக்கினார். அந்த ஊரில் அவர் ஒருவரைப் பேசாமல் இருக்கச் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.