அப் டு யூ, மேடம்

காலை வகுப்பில் இபு வெனிங்தான் மேடம் வேஷம் போடுவாள். எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள்; இபு என்றால் அம்மா, டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவாள். நாங்கள் தரையில். ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் முன்னால் நிற்க வேண்டும்.

"எங்க வீட்டுல வேலைக்காரிக்கு மிச்ச சாப்பாடுதான். பரவாயில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள்.

"அப் டு யூ, மேடம்."

"தனி அறை கிடையாது. குழந்தைங்க அறையில தரையில படுக்கணும்."

"அப் டு யூ, மேடம்."

"லீவு?"

"அப் டு யூ, மேடம்."

உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். சொல்லும்போது தலையைச் சற்றுச் சாய்க்க வேண்டும். பல் தெரிய வேண்டும். நிறையத் தெரியக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு வகுப்பு நடந்தது.

அந்தப் பயிற்சி விடுதி பெக்காசி நகரத்தில், டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே தங்கி ஆங்கிலம் படிக்க வேண்டும். வாசல் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். எங்கள் போன்கள் அலுவலக அலமாரியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் தருவார்கள். அன்றைக்குச் சொந்தக்காரர்களும் பார்க்க வரலாம்.

எனக்கு அது இரண்டாவது முறை. முதல் முறை போனபோது இந்த மூன்று வார்த்தையைச் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஒரு ஞாயிறுகூடக் கிடையாது. போன் மேடத்தின் இழுப்பறையில் இருந்தது. மாதம் ஒரு முறை எடுத்துக் கொடுப்பாள். பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

என் ஊர் சிலாச்சாப்புக்குத் திரும்பி வந்த அன்று என் மகள் கினாந்தி என் அண்ணியின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். "அம்மா, இவங்க நம்ம வீட்டுலயா சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். அம்மா என்றது அண்ணியை.

ஒரு வருஷம் ஊரில் இருந்தேன். மெல்ல என்னோடு பழகினாள். ஆனால் ஊரில் வயலும் இல்லை, வேலையும் இல்லை, புருஷனும் இல்லை. மறுபடி கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை தராத வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். ஞாயிறு இருந்தால் போன் இருக்கும். போன் இருந்தால் அவளுக்கு என் குரல் மறக்காது.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஞாயிறு லீவு உண்டு. காசு வாங்கிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டாவதை.

என் முறை வந்தது. "லீவு?" என்றாள் இபு.

"ஐ வான்ட் சண்டே, மேடம்."

வகுப்பு சிரித்தது. இபு சிரிக்கவில்லை.

"லாஸ்மினி, இது பாடத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"இல்ல, இபு. ஐ கேன் இருக்கு. ஐ கேன் குக், ஐ கேன் அயர்ன், ஐ கேன் வாஷ் த கார். ஐ வான்ட் எங்கயுமே இல்ல."

"ஏன் இல்லன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். அதான் கோவம் வருது."

"வரட்டும். மத்தியானம் உனக்குச் சோறு கிடையாது. கோவத்தை வேகவச்சு சம்பல் தொட்டுத் தின்னு."

"அப் டு யூ, மேடம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எனக்காகச் சொன்னது. வகுப்பு மறுபடி சிரித்தது.

அது துரியா. என் பக்கத்துப் பாய்க்காரி. முதல் முறையாகப் போகிறவள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி வலிக்கும். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. "இந்த மூணு வார்த்தை முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் மாமியார் என்னைத் தலையில வச்சுக் கொண்டாடியிருப்பாக்கா" என்பாள். அன்று மத்தியானம் தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளினாள்.

அந்த வாரமே எனக்கு நேர்காணல் வந்தது. அலுவலக அறையில் ஒரு கணினி. நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். இபு, திரையில் தெரியாதபடி ஓரத்தில், பதில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டாள். லீவு பற்றிக் கேட்டபோது அட்டை உயர்ந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னேன்.

அந்தப் பெண் யாரிடமோ சீனத்தில் ஏதோ சொன்னாள். திரை அணைந்தது.

இபு அட்டையை மேஜைமேல் எறிந்தாள். "உன் மூஞ்சிக்கு ஞாயித்துக்கிழமை ஒரு கேடு."

"நீங்களும் அங்க வேலைக்கு இருந்தவங்கதானே, இபு."

"இருந்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஊர்ல வீடு கட்டினேன். நீ வாயைத் தொறந்து என்ன கட்டப் போற?"

அன்று மாலை எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தாள். இந்த ஞாயிறு யாருக்கும் போன் இல்லை. யாரும் பார்க்க வரக் கூடாது. "எதுக்குன்னு லாஸ்மினியைக் கேட்டுக்கங்க" என்றாள்.

துரியாவின் அம்மாவுக்குத் தகவல் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கராவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள். காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பினான். மதிலுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுவது எங்களுக்குக் கேட்டது. துரியாவின் சட்டை நனைந்தது. அழுகை தேய்ந்து தெருமுனை தாண்டும்வரை மதிலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன் ஞாயித்துக்கிழமைக்காக என்னோடதப் புடுங்கிட்டியேடி."

அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள்.

"புடுங்கினது நான் இல்ல. அவ."

"அவகிட்ட என்னால கத்த முடியாது. உன்கிட்ட முடியும்."

கத்தினாள். நான் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மற்றவர்களும் பேசவில்லை. சாப்பாட்டு வரிசையில் என் முறை வரும்போது டெம்பே, அந்தச் சோயா வறுவல், தீர்ந்திருக்கும். எல்லார் தட்டிலும் இருக்கும்.

அடுத்த வாரம் இன்னொரு மேடம் கேட்டிருப்பதாக இபு சொன்னாள். "இதுதான் கடைசி. இதையும் கெடுத்தா மூட்டையைக் கட்டு. சிங்கப்பூர் என்ன, பக்கத்துத் தெருவுக்குக்கூட உன்னை அனுப்ப மாட்டேன்."

இந்த மேடம் சின்ன வயசு. கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு குழந்தை அவள் தோளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சமையல் பற்றிக் கேட்டாள், குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஐ கேன் சொன்னேன். கடைசியில் கேட்டாள். "லீவு எப்படி வேணும் உங்களுக்கு?"

அட்டை உயர்ந்தது. மேஜைக்குக் கீழே இபுவின் செருப்புக் குதிகால் என் பாதத்தின்மேல் ஏறி அழுத்தியது.

"ஐ வான்ட் சண்டே" என்றேன். "எவ்ரி சண்டே."

திரை அணையவில்லை. அந்தப் பெண் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை நாங்க வீட்டுலதான் இருப்போம். நீங்க தாராளமா வெளிய போகலாம்."

குதிகால் விலகியது. அவள் மேலும் பேசினாள். "முன்னாடி எங்க வீட்டுல ஒருத்தங்க நாலு வருஷம் இருந்தாங்க. லீவு வேணுமான்னு கேட்டா எப்பவும் அப் டு யூன்னுதான் சொல்வாங்க. அவங்களுக்கு வெளிய போறதுல விருப்பமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் அளவாகப் பல் தெரியச் சிரித்தேன். வேலை கிடைத்துவிட்டது.

எழுந்தேன். சந்தோஷம் இல்லை. நான் நாலு வருஷக்காரியை நினைத்தேன். பிறகு என் முதல் மேடத்தை. அவளும் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த வாரம், ஒரே ஒரு முறை. நான் தலையைச் சாய்த்து, படித்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வேண்டும் என்று சொல்லியிருந்தால் தந்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

"அந்த நாலு வருஷக்காரி இங்க படிச்சவளா, இபு?"

இபு கணினியை அணைத்தாள். "இருக்கும். எத்தனை மூஞ்சியை ஞாபகம் வச்சுக்கறது?"

"ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கடின்னு சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல."

"இப்படி ஒரு மேடம் கிடைக்கறதுக்குள்ள எத்தனை பேர் ஸ்க்ரீனை அணைப்பாங்க தெரியுமா? அதுவரைக்கும் இங்க படுத்துக் கிடக்கிறவளுங்களுக்கு எவ சோறு போடுவா? நானா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"நல்லவ யாருன்னு கேக்காம எப்படித் தெரியும்?"

"வெளிய போ, லாஸ்மினி. அடுத்தவளை அனுப்பு."

அடுத்தவள் துரியா. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, வராந்தாவில் நின்றிருந்தாள்.

"குடுத்துட்டா. எல்லா ஞாயிறும்" என்றேன். "நீயும் கேளு."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஞாயிறு கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் அன்றே வேலை கிடைத்ததாக மாலையில் இபு அறிவித்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிறு போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம். காவலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஊருக்கு அடித்தேன். அண்ணி எடுத்தாள்.

"கினாந்தியைக் கூப்பிடுங்க, அண்ணி."

"வெளிய ஆடிக்கிட்டு இருக்கா. அப்புறம் பேசறாளாம்."

"அப்புறம் இல்ல. இப்ப."

"குழந்தைதானே, லாஸ். நல்லா ஆடிட்டு இருக்கிறவளை ஏன் அழ வைக்கணும்?"

"அழட்டும். எனக்கு லீவு குடுத்துட்டாங்க. அங்க போனதும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவேன். அந்த நேரத்துல அவ வீட்டுல இருக்கணும். இப்பவே பழகட்டும். போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

அண்ணி பெருமூச்சு விட்டாள். போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். கோழிகளின் சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பிறகு தூரத்தில் கினாந்தியின் குரல். வரமாட்டேன் என்று கத்தினாள். அண்ணி ஏதோ சொன்னாள். வரமாட்டேன், வரமாட்டேன். முன்னைவிட உரக்கக் கத்தினாள்.

காவலாளி என் முன்னால் வந்து கையை நீட்டினான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டேன்.