வாய் திறந்த மீன்கள்

எங்கள் வீட்டுப் புறக்கடையில் ஒரு குட்டை இருக்கிறது. வீடு கட்டும்போது தரையை மேடாக்க அங்கேதான் மண் வெட்டினோம். பள்ளத்தை மூடலாம் மூடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்ததில் மழை முந்திக்கொண்டது. அடியில் களிமண், தண்ணீர் இறங்கவே இல்லை. ஓரத்தில் கோரைப்புல் தானாக முளைத்தது, தவளை தானாக வந்தது. மீன் மட்டும் நான் விட்டது. பஞ்சப்பள்ளி அணையில் மீன் பிடிக்கும் மாதையன் பிளாஸ்டிக் பையில் கெண்டைக் குஞ்சு பிடித்துக் கொடுத்தார்.

நான் மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவன். வெயில் ஏறும் வரைக்கும் பெட்டி தூக்கி லாரியில் அடுக்கவேண்டும். வீட்டுக்கு வந்து படுத்தால் முதுகுவலி கூடத்தான் செய்யும். குட்டை ஓரம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால்தான் இறங்கும். குஞ்சுகள் வந்து விரல் இடுக்கைக் கொறிக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா, இவரு மீனுகிட்ட வைத்தியம் பாக்கறாரு" என்பாள் என் பெண்டாட்டி தங்கம்மாள்.

"அதுங்க ஊசி போடறதில்ல, தங்கம்."

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளுக்கு மட்டும் குட்டை பிடிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். போன மழைக்காலத்தில் அவள் மகள் சுசித்ராவுக்கு டெங்கு வந்து, தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அன்றிலிருந்து தண்ணீர் தேங்கினாலே கண்ணம்மாளுக்குப் பயம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணா, இந்தக் குழியை எப்ப மூடுவீங்க?"

"கொசுப்புழுவை மீன் தின்னுரும் கண்ணம்மா. பயப்படாத."

"உங்க மீனு தின்னுதா இல்லையான்னு நான் உள்ள எறங்கியா பாக்கறது?"

"நீ எறங்க வேணாம். ஐப்பசி மழைக்கு முன்னால கொசு மருந்து ஊத்துற ரஞ்சித்குமார் வருவாரில்ல? அவரு கரண்டியால மொண்டு பாக்கட்டும். ஒரு கொசுப்புழு இருந்துச்சுன்னா நானே மூடிடறேன்."

"சொன்ன சொல்லு மாற மாட்டீங்களே?"

"மாறமாட்டேன்."

"அப்படின்னா அன்னிக்கே மாதப்பன் டிராக்டர்ல மண்ணு வரச் சொல்லிடுவேன். வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டேன், பாத்துக்கங்க."

நானும் தைரியமாகத் தலையாட்டினேன். மீன் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

அப்புறம்தான் தக்காளி விலை விழுந்தது. அந்த மாதிரி நாளில் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் போகாத தக்காளியை விவசாயி திருப்பி எடுத்துப் போக மாட்டார், வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. மண்டிக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டியோடு போய்விடுவார். மாடு வைத்திருக்கிற லோடுக்காரர்கள் அதை மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். என்னிடம் மாடு இல்லை, மீன்தான் இருந்தது.

நல்ல பழம் வீணாய்ப் போகிறதே என்று ஒரு மூட்டை கொண்டுவந்து குட்டையில் கொட்டினேன். மீன்கள் வந்து முட்டிப் பார்த்தன. தின்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் கொட்டினேன். தண்ணீர் மேலே சிவப்பாய் மிதந்தது. பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. சில நாளில் பழம் கரைந்து, ஓரமெல்லாம் வெள்ளையாய் நுரை கட்டி, புளித்த வாடை வந்தது. புளிப்புதானே, போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாரு தங்கம், சோறு கேக்குது! பழகிடுச்சு" என்று கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட ஆமா. வாயைப் பாருங்க, உங்க தம்பி மாதிரியே."

சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் பழம் போட்டேன். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. பழம் மூக்கில் இடித்தாலும் வாய் மட்டும் திறந்து மூடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாயை நான் பார்த்திருக்கிறேன். உச்சி அடுக்குக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு லாரி ஓரம் சாய்ந்து நிற்கும்போது எங்கள் ஆள் ஒவ்வொருத்தன் வாயும் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் எவனாவது பன் நீட்டினால் அடிக்கத் தோன்றும்.

"ஐயையோ, பசி இல்ல தங்கம். மூச்சு முட்டுது!"

மாதையனுக்குப் போன் போட்டேன். தக்காளி என்று சொன்னதும் அந்தப் பக்கமிருந்து சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

"யோவ் குப்புராஜு, மீனுக்கு ரசமா வெக்கற? அழுவுன பழம் தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் தின்னுடுச்சுய்யா. மொதல்ல பழத்தை வாரு. பாதித் தண்ணிய எறைச்சுட்டு, புதுத் தண்ணிய மேல இருந்து ஊத்து. நல்லாச் செதறி விழணும். ஒரேயடியா எல்லாத்தையும் மாத்திப்புடாத, அதுலயும் செத்துரும்."

அன்றைக்கு மண்டிக்குப் போகவில்லை. மண் சலிக்கிற சல்லடையால் நான் பழத்தை வாரினேன். தங்கம்மாள் தண்ணீரை இறைத்து வாழைக்கு விட்டாள். அப்புறம் குடம் குடமாய்ப் போர்த் தண்ணீரைத் தோளுயரத்திலிருந்து துவைக்கிற கல்லின்மேல் ஊற்றினேன். கல்லில் பட்டுச் சிதறி விழுந்த இடத்துக்கு மீன்கள் தேடி வந்தன. தூக்கித் தூக்கிப் பழகின தோள், அன்றைக்கு உதவியது.

ஆனால் முக்கால்வாசி மீன் செத்துப்போயிற்று. முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன்.

"ஒரு நாளு கொழம்பு வெச்சுத் தின்னுருந்தாலும் மனசு ஆறியிருக்கும்" என்று தங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

வாடை வேலி தாண்டிப் போயிருக்கும்போல. கண்ணம்மாள் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"கொசுவைத் தின்ற மீனை இப்ப எது தின்னுச்சுண்ணா?"

"நான்தான், தக்காளி போட்டுக் கொன்னுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் ரஞ்சித்குமார் வர்றாரு. மாதப்பன்கிட்டச் சொல்லிட்டேன்" என்று போய்விட்டாள்.

மண்டியில் என்னோடு லோடு தூக்கும் பச்சியப்பன் ஒரு யோசனை சொன்னான். "லாரியில வடிச்ச கழிவு ஆயில் கெடக்குது. ஒரு சொம்பு எடுத்துட்டுப் போய் தண்ணி மேல ஊத்து. புழு மொத்தமும் காலி. கரண்டியில என்ன வரும்?"

"தவளையும் காலியாவுமே, மிச்ச மீனும் சாவுமே?"

"உனக்குக் குட்டை வேணுமா, தவளை வேணுமாய்யா?"

"தவளை இல்லாத குட்டையை நான் என்ன பண்றது? அதுக்கு மண்ணே கொட்டிரலாமே."

அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு பேசின்.

பழம் வாரின அன்றைக்குச் சல்லடையில் தலைப்பிரட்டைகளோடு பழுப்பாய் ஒரு பூச்சியும் நிறைய வந்தது. பெரிய கண், ஆறு கால், பார்க்க விகாரம். தூக்கி எறியப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு பேசின் தண்ணீரில் போட்டு வைத்தேன். அதில் கொசுப்புழுக்களும் நெளிந்தன. தண்ணீர் ஊற்றி முடித்து வந்து உட்கார்ந்தபோது பூச்சி கல் மாதிரி அசையாமல் கிடந்தது. புழு ஒன்று பக்கத்தில் நெளிந்ததும் அதன் முகத்துக்குக் கீழிருந்து கை மாதிரி ஒன்று பாய்ந்து, புழுவைப் பிடித்து வாய்க்குள் இழுத்தது. நான் மூத்திரம் போகக்கூட எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரத்துக்குள் பேசினில் ஒரு புழுகூட இல்லை. மறுபடி அவற்றைக் குட்டையிலேயே விட்டேன்.

அதே வாரம் அதில் ஒன்று கோரைப்புல்லில் ஏறி நின்றது. முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து ஈரமாய், கசங்கின துணிபோல ஒரு தட்டான் வெளியே வந்தது. வெயிலில் இறக்கை காய்ந்ததும் பறந்து போயிற்று. விகாரம் என்றேனே, அது தட்டானின் பிள்ளை. தண்ணீரில் புழுவைத் தின்கிறது, மேலே போனால் கொசுவையே தின்கிறது.

ரஞ்சித்குமார் வந்த அன்றைக்குக் காலையிலேயே மாதப்பனின் டிராக்டர் மண்ணோடு எங்கள் சந்தில் வந்து நின்றுவிட்டது. கண்ணம்மாள் வாசலில் நின்று, "எஞ்சினை நிறுத்தாதீங்க மாதப்பண்ணா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள். தங்கம்மாள் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தால் பாத்திரம் துலக்குவாள், அன்றைக்குத் துலக்கின பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள்.

ரஞ்சித்குமார் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டியை எடுத்தார். நடுவில் மொண்டார், ஒன்றும் இல்லை. கல் ஓரம் மொண்டார், தலைப்பிரட்டை துள்ளியது.

"அங்க இல்லீங்க சார், இங்க" என்று கண்ணம்மாள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். கொசுவோடு மல்லுக்கட்டினவள், அது எங்கே முட்டையிடும் என்று அவளுக்குத் தெரியும். கோரைப்புல் சாய்ந்து நிழல் விழுந்த மூலையில், தண்ணீர் அசையாத இடத்தில் மொண்டாள்.

எல்லோரும் குனிந்தோம். கரண்டியின் வெள்ளையில் ஒரு புழு நெளிந்தது.

"இருக்குதுண்ணா" என்றாள். சத்தம் போடவில்லை.

"இருங்க இருங்க" என்றார் ரஞ்சித்குமார். "புழு இருக்குதுங்க. ஆனா பாதிதான் வெளிய இருக்குது."

பழுப்புப் பூச்சி கரண்டியின் அடியில் ஒட்டிக் கிடந்தது. புழுவின் மறுபாதி அதன் வாயில். நாங்கள் பார்க்கப் பார்க்க நெளிவு சின்னதாகி, உள்ளே போய், காணாமலே போயிற்று. பூச்சி அசையாமல் கிடந்தது.

"இதை என்னன்னு எழுதறது?" என்று ரஞ்சித்குமார் தலையைச் சொறிந்தார். "நான் கொசு மருந்துக்காரனுங்க. பஞ்சாயத்து நீங்களே பண்ணிக்கங்க."

சொல் நான் கொடுத்தது, தீர்ப்பு அவளுடையது. மகளை ஆஸ்பத்திரியில் வைத்துக் காத்தவள் அவள்தான்.

கண்ணம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னொருக்கா மொள்றேன்" என்று அதே மூலையில் மொண்டாள், பக்கத்தில் மொண்டாள், புல்லை விலக்கி மொண்டாள். பூச்சிதான் வந்தது. ஒரு பொடி மீனும் வந்தது. புழு வரவில்லை.

"இது என்ன பூச்சிண்ணா?"

"தட்டான் குஞ்சு."

"அடக் கருமமே. சுசித்ரா சின்னதுல தட்டானைப் புடிச்சு வால்ல நூல் கட்டி விடும், நானும் சிரிச்சுட்டு இருப்பேன்."

சந்தில் மாதப்பன் பொறுமை இழந்து ஆரன் அடித்தார். "எம்மா, டீசல் எரியுது! எங்க கொட்டறது?"

கண்ணம்மாள் என்னைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு வீட்டுத் துவைக்கிற தண்ணீரும் போய்ச் சேறாய் நிற்கிற சந்துப் பள்ளத்தைப் பார்த்தாள். அங்கே மீனும் இல்லை, தவளையும் இல்லை. ரஞ்சித்குமார் போய் மொண்டு பார்த்து, "இங்கதான் புழுவா நெளியுதுங்க" என்றார்.

"அந்தப் பள்ளத்துல கொட்டுங்கண்ணா" என்றாள் கண்ணம்மாள்.

மண்ணை நானும் அவளும் சேர்ந்துதான் பரப்பினோம். தங்கம்மாள் பாத்திரத்தை விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தாள். முடிந்ததும் கண்ணம்மாள் வேலியோரம் நின்று, "எங்க மாட்டுத் தொட்டிக்கு அந்தப் பூச்சி ரெண்டு குடுங்களேன்" என்றாள்.

"அதுவா வரும். தொட்டி ஓரத்துல ஒரு கொத்துக் கோரைப்புல்லு வெச்சு விடு. ஏறி நிக்க அதுக்கு இடம் வேணும்."

"தக்காளி போடணுமாண்ணா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். தங்கம்மாள் சிரித்த சிரிப்பு மாதையன் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போதும் காலையில் மீன் மேலே வந்தால் நான் உடனே எதையும் போடுவதில்லை. குனிந்து வாயைப் பார்க்கிறேன். பொரியைக் காட்டினால் பாய்ந்து வருகிறதா, இல்லை அப்படியே நிற்கிறதா என்று பார்க்கிறேன். பாய்ந்து வந்தால் ஒரு கை போடுவேன், நின்றால் குடத்தை எடுப்பேன். குஞ்சுகள் பெருகிவிட்டன. மத்தியானம் கல்லில் உட்கார்ந்தால் காலுக்கு இடம் கேட்டுத்தான் உட்காரவேண்டியிருக்கிறது.