எவ்வளவு தூரம்?

நிவித்திகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், டாக்டர் பெட்டிக்குள் வரத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. மருந்துக் காம்பராவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதன் தலையில் ஒரு கமராவைச் செருகி, புதன்கிழமைகளில் கொழும்பு டாக்டரம்மாவை, தோட்டத்துப் பேச்சில் நோனாவை, திரையில் காட்டினார்கள். நோனாவுக்குத் தமிழ் தெரியாது. மருந்து கொடுக்கும் விமலசேன மாத்தியாதான் மொழிபெயர்ப்பு. அவருடைய தமிழ் காய்ச்சலுக்குக் குளிசை கொடுக்கப் போதும். அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி.

மருதாயி மலையில் கொழுந்தெடுக்கும்போதே தலை சுற்றி விழுந்துவிட்டாள். மாதவிலக்கு தொடங்கி ஒரு மாதம் கடந்தும் நிற்கவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால்தான் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி கிடைக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திரைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆம்பிளைகள் வரிசையாக நின்று, ஓசிப் படம் பார்ப்பதுபோல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கதவைச் சாத்த வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"என்ன வருத்தம்?" என்றார் விமலசேன.

"தூரம் நிக்கவே மாட்டேங்குதுங்க, மாத்தியா. ரொம்ப அதிகமா இருக்கு." மாதவிலக்குக்குப் பெண்கள் சொல்லும் சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

விமலசேன திரையைப் பார்த்துச் சிங்களத்தில், "துர வெடிலு, டொக்டர்," என்றார். தூரம் அதிகமாம். நோனா ஏதோ கேட்டார். விமலசேன அதைத் தமிழாக்கினார்.

"எவ்வளவு தூரம்?"

இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் இதென்ன கேள்வி! மருதாயிக்கு நாக்குக் கூசியது. "துணியெல்லாம் நனைஞ்சு போகுதுங்க. மாத்தி மாத்தி முடியல."

அவர் சிங்களத்தில் சொன்னதில் 'வெஸ்ஸ' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. கடைத்தெருச் சிங்களம் அவளுக்கும் தெரியும். மழையா? இங்கே மழை எங்கேயிருந்து வந்தது?

நோனா தலையாட்டிவிட்டுப் பதில் சொன்னார். விமலசேன பெருமையாகத் திரும்பினார். "கிட்ட மலையில வேல குடுக்கச் சொல்றாங்க. கால் வலிக்குக் குளிசை தாறேன்."

மருதாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அவளுடைய ரத்தத்தை மழையாக்கிவிட்டார்கள்! மானம் போனால் போகட்டும் என்று திரைக்கு நேரே குனிந்தாள்.

"மழை இல்ல நோனா! லே! லே யனவா!"

ரத்தம் போகிறது என்று தொண்டை கிழியக் கத்தினாள். நோனாவின் முகம் பாதிச் சிரிப்போடு அசையாமல் நின்றது. அவள் கத்துவதற்கு முன்பே இணைப்பு அறுந்துபோயிருந்தது. வாசலில் யாரோ கனைத்தார்கள். டாக்டரைத் தவிர எல்லோருக்கும் கேட்டிருந்தது.

விமலசேனவுக்கு இப்போதுதான் விளங்கியது. முகம் சிவந்துபோனார். "ஐயோ, அத சரியாச் சொல்றதுதானே? அடுத்த புதன் வா, நான் நல்லாச் சொல்றேன்."

மருதாயி எழுந்திருக்கவில்லை. கதிரையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த புதன் எனக்கு ரொம்பத் தூரங்க, மாத்தியா. லொறிக்குச் சொல்லுங்க."